விரலகல நிலம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

மொட்டை எழுதுகிறேன். தலை நிறைய முடியோடு நாற்பதை எட்டப்போகிறவனை இன்னும் அப்படிக் கூப்பிடுவது உலகத்தில் நீ ஒருத்திதான். அதனால் உனக்கு மட்டும் அப்படியே கையெழுத்தும் போடுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி? ஆபீஸ் மாடிப்படியை நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறாதே.

இரண்டு சேதி. முதலாவது, வீட்டு எஜமானி முழுகாமல் இருக்கிறாள். பதினோரு வருஷம் கழித்து, அக்கா! செப்டம்பர் கடைசி என்கிறார் டாக்டரம்மா. இவள் சிரிக்கிறாள், அழுகிறாள், நடுநடுவே என்னைத் திட்டுகிறாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது, வீடு கட்ட இடம் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட மேட்டுக்கும் கல்பாலத்துக்கும் சரியாக நடுவில். மேட்டிலிருந்து பாலத்துக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம், பாதி வழியில் நம் இடம். ஆறு பாலத்தடியில் ஓடுகிறது, இங்கிருந்து அரை மைலுக்கு மேலேயே இருக்கும். இடுப்பளவு புல். நேற்று சும்மா படுத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன்.

எல்லாரும் நல்ல இடம் என்கிறார்கள். எல்லாரும் சொன்னால் ஆச்சா, நீ சொல்ல வேண்டாமா? உன் வரைபட அறையில் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய படம் இருக்கிறதே, நீ ஒட்டியது, அதைப் பார்த்துச் சொல். நீ சரி என்றால் அஸ்திவாரம் தோண்டுவேன். இல்லையென்றால் விட்டுவிடுவேன். எஜமானி பக்கத்தில் நின்று கிண்டல் செய்கிறாள்: “உங்க அக்கா சொன்னாத்தான் உங்களுக்குப் பசிக்கவே பசிக்கும்.”

உடம்பைப் பார்த்துக்கொள்.

மொட்டை


பிப்ரவரி 14

மொட்டைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரி “யாருக்கு என்னாச்சு?” என்று ஓடி வரும்படி அழுதேன். அவளை வெயிலில் அலைய விடாதே. தண்ணீர்க் குடம் தூக்க விடாதே. பம்ப் ரிப்பேர் என்று ஊர் ஊராகப் போய்விட்டு ராத்திரி வருகிற வேலையையும் குறைத்துக்கொள்.

இடம் பார்த்தேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகப் பெரிய மேஜைக்கு வரும் நேரத்தில்தான் அந்தப் படத்தை விரிப்பேன். அதற்கென்று ஒரு மயக்கம் இருக்கிறது. மேட்டின் உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து போகும். நீல மசியில் ஆறு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பச்சைப் புள்ளி. யாரோ ஒரு மனுஷன் நூறு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து, ஒவ்வொரு புள்ளியாக வைத்திருக்கிறான். நானும் முப்பத்து நாலு வருஷமாக விரலாலேயே அங்கே நடக்கிறேன். கால் மட்டும்தான் வைத்ததில்லை.

மேடு இருக்கிறது, அப்போது பள்ளிக்கூடம் வரவில்லை. கல்பாலம் இருக்கிறது. நடுவில் விரலை வைத்தேன். ஆறு தள்ளியே ஓடுகிறது, தரை நல்ல சாய்வு. தைரியமாகக் கட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். படத்தின் அளவுப்படி மேட்டிலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிஷ நடைதான். நீ இருபத்தைந்து என்கிறாய். சின்ன வயதில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன எனக்கு உன் நடை தெரியாதா?

எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஒரே கொண்டாட்டம். இந்த இடம் நம்மைத் தேடி வந்த இடம்!

அஸ்திவாரம் தோண்டினால் மூன்றடியிலேயே மணல். அசல் ஆற்று மணல், சலிக்கக்கூட வேண்டாம், பூச்சுக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் கீழே கூழாங்கல், வழுவழுவென்று. எஜமானி நல்லதாகப் பொறுக்கி ஜன்னலில் வைக்க எடுத்திருக்கிறாள். கிணறு தோண்ட முப்பது அடியாவது போக வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்பதாவது அடியில் தண்ணீர்! கொத்தனார் என் முதுகில் தட்டி, “உங்களுக்கு மச்சம் சார்” என்றார். பம்ப் மெக்கானிக் வீட்டில் பம்புக்கு வேலையே இல்லை போ.

அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. வெயில் தாழ்ந்ததும் குடையோடு வந்து மணல்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால், “இங்க மட்டும்தான் மனசு அடங்குது” என்கிறாள்.

பதில் போடு. உன் முழங்காலுக்கு அந்த எண்ணெயைத் தேய்க்கிறாயா இல்லையா?

மொட்டை


ஏப்ரல் 21
(இது தபாலில் சேர்க்கப்படவில்லை)

மொட்டை,

மணல், கூழாங்கல், ஒன்பதடியில் தண்ணீர். மூன்றையும் படித்ததும் உன் இருபத்தைந்து நிமிஷம் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் படத்தை எடுத்து, ஒட்டின இடத்தில் ஈரத்துணி போட்டேன்.

அந்தப் படம் ஒரே தாள் இல்லை, தெரியுமா. இரண்டு தாளைத் துணியில் சேர்த்து ஒட்டியது. மேற்குத் தாள் முதலில் அளந்தது, கிழக்குத் தாள் நாற்பது வருஷம் கழித்து வேறு ஆள் அளந்தது. ஒட்டியவள் நான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, நீ ஐந்து வயதுப் பிள்ளை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறு சேரவில்லை. இந்தத் தாளில் ஆறு ஓர் இடத்தில் முடிகிறது, அந்தத் தாளில் வேறு இடத்தில் தொடங்குகிறது. எங்கள் அறையில் அதற்கு ஒரு விதி உண்டு. சேராத கோட்டைச் சேர்க்கக் கூடாது, ஓரத்தில் ‘சேரவில்லை’ என்று எழுதிவிட வேண்டும்.

நான் எழுதவில்லை. மறுநாள் யாரோ பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்றார்கள். ஒரு தாளை இன்னொன்றின்மேல் ஒரு விரலகலம் ஏற்றினேன். ஆறு கச்சிதமாகச் சேர்ந்துவிட்டது. அறைத் தலைவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “அடடா, ஒட்டுன இடமே தெரியலையேம்மா!” என்றார். அந்த மாதமே வேலை நிரந்தரமானது. அந்த வேலையில்தான் நீ வளர்ந்தாய்.

ஒரு விரலகலம் என்றால் தரையில் முக்கால் மைல். கால் மணி நேர நடை. உன் இருபத்தைந்து நிமிஷம்தான் சரி. உன் நடையில் குற்றமில்லை.

பசை இளகி மேல்தாள் எழும்பியது. முப்பத்து நாலு வருஷம் வெளிச்சம் படாத நிலம் அடியில் புதுசாக இருந்தது. பச்சை அவ்வளவு பச்சை. அதன் நடுவில், நீ வீடு கட்டும் அதே இடத்தில், ஆறு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளைகிறது. பக்கத்தில் பொடி எழுத்தில், ‘பெருமழையில் ஆறு இங்கே திரும்பும்.’

மொட்டை, நீ ஆற்றுக்குள் வீடு கட்டுகிறாய். நான் கட்டச் சொன்னேன்.


ஏப்ரல் 30

மொட்டைக்கு,

நலமா? பதில் தாமதம், வேலை ஜாஸ்தி.

வீட்டுத் தரையை மூன்றடி உயர்த்திக் கட்டு. நான்கடி என்றாலும் நல்லது. பரண் ஒன்று பெரிதாகப் போடு, ஏணியும் வை. கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை பார். ஏன் என்று கேட்காதே, வயதானவள் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

அவளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

குடிபுகுந்துவிட்டோம்! நீ வருவாய் என்று பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பஸ் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கடிதங்கள் வரவரத் தந்தி மாதிரி ஆகிவிட்டன.

நீ சொன்னபடி தரையை உயர்த்தினேன், மூன்றடி இல்லை, ஒன்றரை. சிமெண்ட் அதற்கு மேல் இழுக்கவில்லை. பரண் இல்லை. “பரண்ல என்னத்தைப் போடப் போறோம், நம்மகிட்ட இருக்கறது ரெண்டு பெட்டி” என்றாள் எஜமானி.

வீடு அவ்வளவு குளிர்ச்சி. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நுழைந்தால் கண் சொக்குகிறது. இவள் தரையில் வெறும் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, “காதை வெச்சுக் கேளுங்களேன், கீழ தண்ணி ஓடுது” என்றாள். வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை. இரண்டு பேரும் அப்படியே தூங்கிவிட்டோம். கனவில் கட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. எங்களிடம் கட்டிலே இல்லை!

வயிற்றுக்குள் குட்டி உதைக்க ஆரம்பித்துவிட்டது. சீக்கிரம் வந்து பார்.

மொட்டை


ஜூலை 12

மொட்டைக்கு,

நலம்தான், கவலைப்படாதே. தூக்கம்தான் சரியில்லை.

எனக்கும் ஒரு கனவு வருகிறது. ஈரத்தாளை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருக்கிறேன். தாளுக்கு அடியில் ஏதோ நகர்கிறது. நீவினால் அடங்குகிறது, கையை எடுத்தால் மறுபடி நகர்கிறது. கையை எடுக்கவே முடிவதில்லை. விடிந்து எழுந்தால் கை வலிக்கிறது.

செப்டம்பர் முப்பதோடு எனக்கு ஓய்வு. அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்குப் படத்தைச் சட்டம் போட்டு, என் பெயரோடு கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். எல்லாரும் வாழ்த்துகிறார்கள்.

நான் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. மழை பிடிக்கும் முன்பே இருவரும் இங்கே வந்துவிடுங்கள். பிரசவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மழை முழுக்க இருந்துவிட்டுப் போகலாம்.

அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நான்தான் எழுதுகிறேன், அவர் பம்ப் பார்க்கப் போயிருக்கிறார். நானும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம்.

எட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் வரமாட்டேனா? நீங்கள் வாருங்கள் அண்ணி. உங்களுக்கு என்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன்.

தப்பாக நினைக்காதீர்கள். தரையை உயர்த்து, கிணற்றைப் பார், மழைக்கு வந்துவிடு. நீங்கள் மனசில் எதையோ வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். அவருக்குப் புரியாது. நீங்கள் சொன்னால் அவருக்கு அதற்குமேல் பேச்சே கிடையாது, சொல்லாமல் விட்டதை அவர் தேடவே மாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னவாக இருந்தாலும் எனக்காவது எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி மனைவி


செப்டம்பர் 2

அக்கா,

அவசரம். எஜமானி ஒரு மாதத்துக்கு முன் உனக்குக் கடிதம் போட்டாளாமே, பதிலே இல்லையாம், வருத்தப்படுகிறாள். சுகமாக இருக்கிறாயா?

ஆறு நாளாக விடாத மழை. கிணற்றில் தண்ணீர் ஐந்தடி ஏறிவிட்டது. கலங்கலாக இருக்கிறது. கையை விட்டால் ஒரு பக்கமாக இழுக்கிறது, கிணற்றுத் தண்ணீர் எங்கேயாவது இழுக்குமா? பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து தருகிறேன் என்கிறார் வாத்தியார். இவள் போய்விடலாம் என்கிறாள். நிறைமாதக்காரியைப் பெஞ்சில் படுக்க வைப்பதா? நீ படத்தில் பார்த்த இடம்தானே என்று நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

போகட்டுமா, இருக்கட்டுமா? நீ ஒரு வார்த்தை எழுது. அது வரும்வரை அசையமாட்டேன்.

மொட்டை


செப்டம்பர் 7

மொட்டை,

கிளம்பு. இதைப் படிக்கிற நிமிஷம் அவளை மேட்டுக்குக் கூட்டிப்போ. வீட்டில் எதையும் எடுக்காதே. இதையே தந்தியாகவும் கொடுத்துவிட்டேன். தந்திக் கம்பி அறுந்திருக்கிறது என்றார்கள், ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு சேர்த்திருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்தபிறகு படி. அதில் எல்லாம் இருக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்பது மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக வராத ஆறு இனிமேலா வரப்போகிறது என்று எனக்கு நானே தினம் சொல்லிக்கொண்டேன். அதுகூடப் பொய். உன் கண்ணில் நான் தப்பே செய்யாதவள். அதை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக உன்னையும் அவளையும் பிறக்காத பிள்ளையையும் ஆற்றில் வைத்துவிட்டு ஐந்து மாதம் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

போ, மொட்டை. போ.


செப்டம்பர் 24

தம்பிக்கு,

பதினேழு நாள் ஆயிற்று. பாலம் போய்விட்டது, பள்ளத்தாக்குக்குத் தபால் இல்லை என்கிறார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போதைய அறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாள்களைப் பிரித்தாயிற்று. ஓரத்தில் எழுத வேண்டியதை என் கையாலேயே எழுதினேன். விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ என்னைத் திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு கிடையாது. எனக்கு உன்மேல் கோபம். நினைவு தெரிந்து முதல் தடவை, அதனால் எப்படிக் கோபப்படுவது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

முதலில் நீ பதறாமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் சுகம். ஆமாம், மூன்று. பத்தொன்பதாம் தேதி காலையில், நாலாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்குக் கீழே பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா படகில் வந்தார். மருத்துவச்சிக்கு உதவியாகக் கணக்கு வாத்தியார் வெந்நீர் போட்டார்.

உன் தந்தியும் கடிதமும் இருபத்தொன்பதாம் தேதி சேர்ந்து வந்தன. நீ எழுதிய ஏழாம் தேதியே ஆறு வந்துவிட்டது. பட்டப்பகல், மத்தியானம் இரண்டு மணி. சத்தமே இல்லை, அக்கா. வந்து நடுக்கூடத்தில் நின்று, அங்கேயே இருந்ததுபோல அப்படியே ஓட ஆரம்பித்தது. மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அழகாகக்கூட இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சுவர் நிற்கிறது. தரை போய்விட்டது. வீடு என்று ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் மேட்டுக்குப் போனது உன் பதிலால் இல்லை. இரண்டாம் தேதியிலிருந்து ஐந்து நாள் நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பம்ப் மெக்கானிக் நான். கிணறு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறேன், தண்ணீர் ஒரு பக்கம் இழுப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன், அப்படியும் அக்கா சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏழாம் தேதி காலையில் இவள் குடையை எடுத்தாள். “உங்க அக்கா பதில் போடற வரைக்கும் ஆறு வாசல்ல நின்னுக்கிட்டு இருக்குமா? நீங்க இருங்க. நான் என் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் தனியாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் ஒரு நாள் பொறுத்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது.

தாளை ஏற்றி ஒட்டினதற்கு எனக்குக் கோபமில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண், கையில் ஒரு பிள்ளை, நானாக இருந்தாலும் ஒட்டியிருப்பேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான் கோபம். என் கண்ணில் நீ தப்பே செய்யாதவளாக இருக்க வேண்டுமா? யார் கேட்டது? என் சட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நீ. பையன்கள் நாள் முழுக்கச் சிரித்தார்கள், உனக்குச் சொன்னேனா?

பாதிக் கோபம் எனக்கு என்மேலேயே. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் உன்னைக் கேட்டு எதுவும் செய்யப் போவதில்லை. சட்டைகூட. மேட்டுக்குப் பின்பக்கம் ஓர் இடம் பார்த்து, நானே எட்டுத் திக்கிலும் குழி தோண்டிப் பார்த்து முடிவு செய்துவிட்டேன். பதினைந்தடிக்கும் செம்மண்தான். குழந்தைக்குப் பெயரும் வைத்துவிட்டோம். உன்னைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் கேட்காமல் செய்கிறேன். புதன்கிழமை காலை பஸ்ஸில் அங்கே வந்து இறங்குகிறேன், மத்தியான பஸ்ஸில் உன்னோடு திரும்புகிறேன். இவளுக்குத் தூக்கமில்லை, எனக்கு வேலை இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை, கவனித்துக்கொள். பெட்டியைக் கட்டி வை.

மொட்டை